யார் கையில் அந்தப் பட்டை

எங்கள் வீட்டுக்கும் கேக் மாஸ்டர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அதைக் கட்டிய புண்ணியவான் சிமெண்ட் விஷயத்தில் கொஞ்சம் சிக்கனம் பார்த்திருக்கிறார். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் எனக்கு மூக்கு அரிக்கும். ஒட்டுக்கேட்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சுவர் மெலிந்திருக்கிறது, காது திறந்திருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் நான் என்ன செய்ய முடியும்?

மாஸ்டர் எனக்கு வைத்திருக்கும் பெயர் ரேடியோ. முகத்துக்கு நேரே 'ரேடியோக்கா' என்பார். நான் கோபித்துக்கொள்வதில்லை. ரேடியோ இல்லாத கட்டடத்தில் யாருக்கு என்ன தெரியும்?

தெருக்கோடியில் இருக்கும் பேக்கரியில் இருபத்தாறு வருஷமாகக் கேக்கின் மேல் பெயர் எழுதுகிறவர் அவர். கிரீம் நிரப்பிய கூம்பை வலது கையில் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் எழுதி முடித்துவிட்டுத்தான் மூச்சை விடுவார். எவ்வளவு நீளமான பெயராக இருந்தாலும் சரி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறவர்களும் தங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். இந்த வட்டாரத்தில் பிறந்தவர்கள், கல்யாணம் செய்துகொண்டவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் அவர் கையெழுத்தைச் சாப்பிட்டவர்கள்தாம்.

அவர் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடு பார்க்கிறவள். நான் அவளை 'ரெஜிஸ்டர்' என்று சொல்வேன், அவள் காதில் விழாத தூரத்தில். முன்னூறு பிள்ளைகளில் எவன் எந்தச் செவ்வாய்க்கிழமை வரவில்லை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

இப்படி இருக்கையில்தான் ஒரு காலை, கடை திறப்பதற்கு முன்னால், மாஸ்டரின் கையிலிருந்து கூம்பு நழுவி விழுந்தது. கிரீம் தளர்ந்துவிட்டது என்று நினைத்து வேறு கூம்பு நிரப்பினார். அதுவும் விழுந்தது. மூன்றாவதை எடுக்கப் போனவரின் வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதை முதலாளி பார்த்துவிட்டார். அப்படியே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். பக்கவாதம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. சீக்கிரம் கொண்டு வந்ததால் பிழைத்தார் என்றார்கள்.

பத்து நாளில் வீடு திரும்பினார். பேச்சு ஏறக்குறைய சரியாகிவிட்டது. வலது காலை லேசாக இழுத்து நடந்தார். வலது கை விரல்கள் மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. தேநீர் கோப்பையைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்கும், விடச் சொன்னால் விடாது. இல்லாவிட்டால் பிடிக்கும் முன்பே விட்டுவிடும்.

பேக்கரி முதலாளி பார்க்க வந்தார். "மூணு மாசம் உங்க இடம் உங்களுக்குத்தான் மாஸ்டர். அதுக்கப்புறம் நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் மறுநாளே புதிதாக ஒருத்தரை வைத்துவிட்டார். அவருக்கு எழுத வராது. வெட்டிய அட்டையைக் கேக்கின் மேல் வைத்து, மேலே கிரீமைத் தடவி எடுப்பார். அட்டையில் இருக்கிற வாழ்த்து மட்டும் விழும். பெயர் வேண்டும் என்றால் உதட்டைப் பிதுக்குவார்.

ஒரு வாரம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் புதுச் சத்தம். மாலை ஐந்தரை மணிக்கு 'உர்ர்ர்' என்று எதுவோ உறுமும். பிறகு அமைதி. ஐந்து நிமிஷம் கழித்து 'உஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு. மறுபடி அமைதி. மறுபடி 'உர்ர்ர்'. இப்படி ஐந்து முறை. காற்று மெத்தையா? மீன் தொட்டியா? இரண்டு நாள் பொறுத்தேன். அதற்கு மேல் பொறுத்தால் உடம்புக்கு ஆகாது. திருப்பிக் கொடுக்க வேண்டிய கிண்ணம் ஒன்று அவர்களுடையது என்னிடம் எப்போதும் இருக்கும். இந்த மாதிரி நேரத்துக்காகவே வைத்திருப்பது. எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

உள்ளே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வந்திருந்தாள். மேஜை மேல் நீல நிறப் பெட்டி. அதிலிருந்து ஒரு குழாய். குழாயின் முனையில் பிரஷர் பார்க்கும் பட்டை மாதிரி ஒன்று, மாஸ்டரின் இடது கையில் சுற்றியிருந்தது.

"கெட்டுப் போனது வலது கை. கட்டுறது இடது கையிலயா?" என்று கேட்டேன். யாராவது கேட்க வேண்டாமா?

நர்ஸ் பொறுமைசாலி. "கைக்கு வைத்தியம் இல்லம்மா, மூளைக்கு. பட்டை அஞ்சு நிமிஷம் இறுக்கிப் பிடிக்கும், கைக்கு ரத்தம் போகாது. அப்புறம் அஞ்சு நிமிஷம் விட்டுடும். அஞ்சு தடவை. கைக்கு இப்படிச் சின்னதா ஒரு கஷ்டம் கொடுத்தா உடம்பு உஷாராகி, மூளைக்கும் சேர்த்துக் காவல் போடும்னு சொல்றாங்க. நிஜமாவே போடுதான்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சி."

"அப்போ பலிக்குமா பலிக்காதான்னு உங்களுக்கே தெரியாது."

"தெரிஞ்சா எதுக்கும்மா ஆராய்ச்சி? இன்னொண்ணு. சில பெட்டி முழுசா இறுக்கும். சிலது சும்மா லேசா பிடிக்கிற மாதிரி பாவனை பண்ணும். ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும் இல்ல? யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, ஐயாவுக்கும் தெரியாது. கையெழுத்துப் போடும்போதே எல்லாம் சொல்லியாச்சு."

மாஸ்டர் பட்டையை ஒரு மாதிரிப் பார்த்தார். "அப்போ எனக்கு வந்தது டம்மியாவும் இருக்கலாம்."

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மாத்திரை, கைப்பயிற்சி எல்லாம் எப்பவும் போல நடக்கணும். தினம் அஞ்சரைக்கு இது. பெட்டியே கணக்கு வச்சுக்கும்."

கணக்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் ரெஜிஸ்டரின் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, தேதி எழுதி, குளிர்பெட்டி மேல் வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் ஒழுங்காக நடந்தது. ஐந்தரை மணிக்கு உறுமல் கேட்டால் நான் தேநீருக்கு அடுப்பில் தண்ணீர் வைப்பேன். கடைசிப் பெருமூச்சு கேட்டால் விளக்கைப் போடுவேன். கடிகாரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

இருபத்தோராம் நாள் முடிந்து, மறுநாள் ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி. அங்கே ஒரு லாரி டிரைவர், அவரும் இந்த ஆராய்ச்சியில் இருக்கிறவர், மாஸ்டரிடம் வாயை விட்டிருக்கிறார். "அந்தப் பட்டை பிடிச்சா உயிர் போய் உயிர் வருது சார். கை என்னுதே இல்ல போலருக்கு." அவ்வளவுதான். மாஸ்டர் வீட்டுக்கு வந்து போட்ட சத்தத்துக்குச் சுவரே தேவையில்லை.

"எனக்கு ஒண்ணுமே வலிக்கலயே! கொஞ்சம் இறுக்கமா இருக்கும், அவ்வளவுதான். எனக்குக் கொடுத்தது டம்மி. நான் என்ன, பொம்மையா?"

"டம்மின்னு யார் சொன்னா? தெரியாதுன்னுதானே சொன்னாங்க?"

"என் கைக்குத் தெரியும். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடு. அந்த ரப்பர் பந்தையும் தூக்கிப் போடு. பந்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு நான் எந்த ஊர் ராஜாவாகப் போறேன்?"

"அடுத்த வாரம் சனிக்கிழமைதான் நர்ஸ் வருவா, அப்போ கொடுக்கறேன்" என்றாள் அவள்.  கதவு சாத்திக்கொண்டது.

அன்றிலிருந்து ஐந்தே காலுக்கு மாஸ்டர் நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார். பயிற்சியாவது ஒன்றாவது. என் பால்கனியிலிருந்து பார்த்தால் தெருக்கோடி வரை தெரியும். பேக்கரிக்கு எதிரே விளக்குக் கம்பத்தில் தோளைச் சாய்த்துக்கொண்டு, அட்டைக்காரர் கிரீம் தடவுவதைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் நிற்பார். வலது கையைச் சட்டைப் பைக்குள் திணித்திருப்பார். அதைப் பார்க்கத்தான் எனக்கே சகிக்கவில்லை. மற்றபடி நான் கல் நெஞ்சுக்காரி.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். மாஸ்டர் கம்பத்தடியில் நின்றார். திரும்பி உள்ளே வந்து அடுப்பில் தண்ணீர் வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. ஏன் வைத்தேன்? உறுமல் கேட்டது, அதனால் வைத்தேன். மாஸ்டர் அங்கே, மெஷின் இங்கே. அப்படியானால் பட்டை யார் கையில்?

கிண்ணத்தை எடுத்தேன்.

கதவு திறக்க வெகு நேரம் ஆயிற்று. திறந்தவள் அந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. "அவர் தூங்கறார்க்கா" என்றாள், நான் கேட்காமலே. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் இப்படித்தான் முந்திக்கொள்வார்கள். நானும் நல்ல பிள்ளையாகக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, வேறொரு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது அவள் சட்டைக் கை மேலே ஏறிக்கொண்டது. முழங்கைக்கு மேலே, இடது கையில், பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். கடுகைத் தூவியது போல, கையைச் சுற்றி ஒரு வளையம்.

"என்ன தங்கச்சி இது?"

"கொசுக்கா."

"வரிசையில நின்னு, கோடு தாண்டாம கடிக்கிற கொசுவா? உங்க பள்ளிக்கூடத்துல படிச்ச கொசுவா இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. ஈரத் துணியை உலர்த்தாமலே வாளியில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த விஷயத்தை நான்கு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் அதுதான் பெரிய தவம்.

சனிக்கிழமை நர்ஸ் வந்தாள். நானும் தற்செயலாக அங்கே இருந்தேன். மாஸ்டர் நாற்காலியில் உம்மென்று உட்கார்ந்திருந்தார், பெட்டி இன்றோடு ஒழிந்தது என்ற முகத்தோடு. நர்ஸ் பெட்டியைத் தன் போனோடு இணைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"முப்பத்திமூணு நாள்ல முப்பத்திமூணு தடவை! ஒருநாள்கூட விடல. எங்ககிட்ட இருக்கிற யாரும் இப்படிச் செஞ்சதில்ல ஐயா!"

மாஸ்டர் நிமிர்ந்தார். "எத்தனை?"

"முப்பத்திமூணு."

"நான் இருபத்தொண்ணோட நிறுத்திட்டேனே. மீதி பன்னெண்டு நாள் மெஷின் தன்னைத் தானே பிடிச்சுக்கிச்சா?"

ரெஜிஸ்டர் சமையலறை வாசலில் நின்றாள். தரையில் எதையோ தேடுகிறவள் போலக் குனிந்திருந்தாள். நான் வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். சத்தியமாக.

"தங்கச்சி, சட்டைக் கையை மடிச்சுக் காட்டேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கிண்ணமே விரிசல் விட்டிருக்கும். பிறகு மெதுவாக மடித்தாள். வளையம் இன்னும் சிவப்பாகியிருந்தது.

"அம்மா! என்ன காரியம் பண்ணீங்க?" நர்ஸ் எழுந்தே விட்டாள். "இது அவருக்காகப் பரிசோதிச்சுக் கொடுத்தது. வேற யாரும் கட்டவே கூடாது. உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆப்சென்ட் விழுந்தா பேரை அடிச்சிடுவாங்கன்னு நினைச்சேன்." குரல் கீழேயே கிடந்தது. "பள்ளிக்கூடத்துல தொடர்ந்து வரலன்னா பேரை எடுத்துடுவோம். அப்புறம் அந்தப் புள்ள திரும்பி வந்தாலும் இடம் இருக்காது. இவர் என்னிக்காவது மனசு மாறி வந்து உக்காந்தா, பேர் இருக்கணும் இல்ல? அதுக்காகத்தான் நான் உக்காந்தேன்."



மாஸ்டர் அந்தச் சிவப்பு வளையத்தைப் பார்த்தார். "வலிச்சுதா?"

"முதல் நாள் விரல் எல்லாம் வெளுத்து, கை மரத்து, அழுதுட்டேன். அப்போதான் தெரிஞ்சுது இது டம்மி இல்ல..."

"ஐயோ, சொல்லாதீங்க! நான் கேக்கவே கூடாது!" என்று நர்ஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நான் என்னுடையதை இன்னும் அகலமாகத் திறந்துகொண்டேன்.

"தெரிஞ்சும் என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பீங்களே!"

"எனக்கு வலிக்கலயே..."

"அடுப்புலேர்ந்து தட்டைத் துணி இல்லாம தூக்குற கை உங்களுது. இருபத்தாறு வருஷமா சுட்டுக்கிட்ட கை. அதுக்கு வலின்னா என்னன்னு ஞாபகம் இருக்கா?"

நர்ஸ் பொத்தியும் பொத்தாமலும் இருந்த காதிலிருந்து கையை எடுத்தாள். "உங்க கை வேற, அவர் கை வேறம்மா. இதை வச்சு யாரும் எதையும் முடிவு கட்டாதீங்க. முழுசா இறுக்கினாலும் பலன் உண்டான்னு இன்னும் தெரியாது, அதையும் மறக்காதீங்க. ஆனா ஒண்ணு. வராத நாளுக்காக யார் பேரையும் அடிக்க மாட்டோம். வரலன்னா வரலன்னு எழுதிக்குவோம், அவ்வளவுதான். வராதவரை வந்ததா எழுதறதுதான் எங்களைக் கெடுக்கும். நாளைக்கு இந்தக் கணக்கை நம்பி இன்னொருத்தருக்கு வைத்தியம் பண்ணுவாங்க இல்ல?"

அந்தக் கடைசி வார்த்தை ரெஜிஸ்டருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். போய் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். சிவப்புப் பேனாவைத் தேடினாள். பன்னிரண்டு கட்டங்களிலும் ஒவ்வொன்றாக 'வரவில்லை' என்று எழுதினாள்.  அவள் கையால் அவளே போட்ட முதல் பொய்க் கணக்கை அவளே திருத்துகிறாள், அதுவும் என் எதிரில். கேலி செய்ய எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வயதாகிறது போலிருக்கிறது.

நர்ஸ் வெளியே போய் டாக்டரிடம் போனில் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். டாக்டர் என்னமோ கத்துவது எங்களுக்கும் கேட்டது. திரும்பி வந்தவள், "தொடரலாம்னு சொல்லிட்டார். நடந்ததை நடந்தபடி எழுதிக்கச் சொன்னார். அம்மா பிரஷரையும் பாத்துட்டு வரச் சொன்னார்" என்றாள்.

மாஸ்டர் இடது கையை மேஜை மேல் நீட்டினார். மனைவியைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துச் சொன்னார்: "அஞ்சரை ஆகட்டும். கட்டிக்கறேன். அந்தப் பந்து எங்க? தூக்கிப் போட்டுட்டியா?"

"நீங்க போடச் சொன்னதுல நான் எதைப் போட்டிருக்கேன்?" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு என் சுவருக்கு நல்ல தீனி. ஐந்தரைக்கு உறுமல். ஆறரைக்குப் பந்து. அப்புறம் பிளாஸ்டிக் பையில் குழைத்த மாவை நிரப்பி, முனையை வெட்டி, எவர்சில்வர் தட்டில் கோடு போடும் வேலை. அவர் திட்டுவதை வைத்தே எந்த நிலையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். முதல் வாரம் மாவைத் திட்டினார். இரண்டாவது வாரம் பையைத் திட்டினார். மூன்றாவது வாரம் தட்டு ஒன்று பறந்து வந்து பொதுச் சுவரில் மோதியது. நான் தேநீரை மேலே கொட்டிக்கொண்டேன். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி தட்டை எடுத்துவைக்கும் சத்தம். கோடு வட்டமாயிற்று. வட்டம் எழுத்தாயிற்று. தட்டுகளை ரெஜிஸ்டர் என்னிடம் கொண்டு வந்து காட்டுவாள், கழுவும் முன். கிறுக்கல்தான். ஆனால் போன வாரத்துக் கிறுக்கலை விட இந்த வாரத்துக் கிறுக்கல் எங்கே போகிறோம் என்று இன்னும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போயிற்று.

மூன்று மாதம் முடிந்து நர்ஸ் பெட்டியை எடுத்துப் போனாள். "பெட்டி பண்ணிச்சா, பந்து பண்ணிச்சா, காலம் பண்ணிச்சா?" என்று கேட்டேன். "எல்லார் கணக்கும் சேர்ந்தப்புறம்தான் சொல்ல முடியும். அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்மா" என்றாள். இரண்டு வருஷம் ஒரு செய்திக்குக் காத்திருப்பதா! எனக்கெல்லாம் அந்த வேலை ஒத்து வராது.

முதலாளி வெள்ளிக்கிழமை கடைக்கு வரச் சொல்லியிருந்தார். கடையில் நின்று ஒரு கேக் எழுதிக் காட்ட வேண்டும். பார்த்துவிட்டு முடிவு சொல்வார். பெயரோடு ஆர்டர் வேண்டுமே! அட்டைக்காரர் வந்த பிறகு பெயர் கேட்பவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

"எனக்குப் பிறந்தநாள்" என்றேன்.

"போன மாசம்தானே ரேடியோக்கா வந்துச்சு?" என்றார் மாஸ்டர்.

"எனக்கு ரெண்டு. உங்களுக்கென்ன, எழுதறது எழுதுங்க."

வெள்ளிக்கிழமை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் ரெஜிஸ்டரும் முதலாளியும் நின்றோம். அட்டைக்காரர் கேக்கைச் சுழல் தட்டில் வைத்து இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் வலது கையில் கூம்பை எடுத்தார். இடது கையை அதன் மணிக்கட்டுக்குக் கீழே முட்டுக் கொடுத்தார். மூச்சைப் பிடித்தார். முதல் எழுத்தின் பாதியிலேயே விட்டுவிட்டார். மறுபடி பிடித்தார். முன்னெல்லாம் ஒரே மூச்சில் முடித்தவர் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மூச்சு வாங்கினார். எங்களுக்கும் அதே கதி. ஏழு நிமிஷம் ஆயிற்று. ரெஜிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடிக்கு அந்தப் பட்டையே தேவலாம்.

'ரேடியோ அக்கா' என்று இருந்தது. என்னைக் கேட்காமலே எழுதிய பெயர். நடுவில் ஒரு வளைவு நெளிந்து ஓரத்துக்கு ஓடியிருந்தது. கடைசி எழுத்து படியேறுவது போல மேலே தூக்கியிருந்தது. ஆனால் ஒரு குழந்தைகூட எழுத்துக் கூட்டிப் படித்துவிடும்.

"எங்க அட்டையில இந்தப் பேரு கிடையாது மாஸ்டர்" என்றார் அட்டைக்காரர், மரியாதையாகவே.

முதலாளி வெகு நேரம் பார்த்தார். "காலையில மட்டும் வாங்க. பூவெல்லாம் இப்போ வேண்டாம், பேரு மட்டும். அவசர ஆர்டரை இவர் பாத்துக்கட்டும். பேரு எழுதிக் கேட்டு வர்றவங்க வேற கடைக்குப் போய் ரெண்டு மாசம் ஆச்சு" என்றார்.

மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார். கூம்பைக் கீழே வைக்க நினைத்தார், விரல்கள் விடவில்லை. ஒவ்வொன்றாக இடது கையால் பிரித்து எடுத்தார். அதற்கும் சிரித்தார்.

கேக்கை என் வீட்டு மேஜையில் வைத்து வெட்டினோம். நெளிந்த எழுத்தில் கத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை. ரெஜிஸ்டர் அதற்குள் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்து, அன்றைய தேதிக்கு ஒரு கட்டம் புதிதாகக் கட்டி, 'வந்தார்' என்று எழுதிவிட்டாள். சிவப்புக் கட்டங்கள் பன்னிரண்டும் அப்படியேதான் இருந்தன, அழிக்காமல்.

மாஸ்டரே கத்தியை வாங்கி அந்த நெளிந்த எழுத்தை வெட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றபடி அதன் பக்கத்து எழுத்தைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இது சரியில்ல ரேடியோக்கா. அடுத்ததுல சரியா வந்துடும்."

அடுத்த மாதமும் நான் பிறந்தாக வேண்டும் போலிருக்கிறது.